வரிசை வாக்கிலும் தந்திரம் உண்டு
வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்க, சுற்றுக்குச் சுற்று கடைசி ஆளை நீக்கி அவர் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவதுதான் விருப்ப வரிசை முறை. "இந்த முறையில் தந்திர வாக்குக்கு (முடிவை மாற்ற, உண்மையான விருப்பத்தை மறைத்துப் போடுவதற்கு) வேலையே இல்லை" என்று சிலர் சொல்வது சரியில்லை. ஜெயிக்க வாய்ப்பே இல்லாத சின்ன வேட்பாளர் விஷயத்தில்தான் அது பொருந்தும். அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் இந்த முறையில் நடந்த 2009 மேயர் தேர்தலைப் பாருங்கள்: முதல் சுற்றில் முந்தியவர் ரைட், கடைசியில் ஜெயித்தவர் கிஸ், ஆனால் நேருக்கு நேர் வைத்தால் இந்த இருவரையுமே தோற்கடித்திருக்கக்கூடிய மான்ட்ரோல் இடையிலேயே வெளியேற்றப்பட்டார். கிஸ்ஸை விட மான்ட்ரோல் பரவாயில்லை என்று நினைத்த ரைட் ஆதரவாளர்களில் போதுமான பேர் மான்ட்ரோலை முதலில் போட்டிருந்தால் கிஸ் வந்திருக்கவே மாட்டார். மனசாட்சிப்படி போட்டதுதான் அவர்களுக்கு வினையானது. அப்புறம், வேறு வரிசை முறைக்கு மாறினால் தீரும் என்றும் கிளம்பாதீர்கள். மூன்று பேராவது ஜெயிக்க முடிகிற, குலுக்கல் இல்லாத எந்த வரிசை முறையிலும், ஒரே ஆள் வைத்ததுதான் சட்டம் என்றிருந்தாலொழிய, பொய்யாக வரிசைப்படுத்தி லாபம் பார்க்கிற சூழ்நிலை வரத்தான் செய்யும் என்று கிப்பார்ட், சாட்டர்த்வெயிட் என்ற இரு ஆய்வாளர்கள் 1970களிலேயே நிரூபித்துவிட்டார்கள்.