கேமரா போகாத இடத்துக்குப் போகாவிட்டால் அனிமேஷன் எதற்கு?

நிஜ நடிகர்கள் நடித்து உலகமெங்கும் ஓடிய படங்களுக்கு, சில ஆண்டுகள் கழித்துக் குழந்தைகளுக்கென்று ஒரு அனிமேஷன் தொடர்ச்சி வருகிறது. ஓடிடி தளங்கள் பெருகிய பிறகு இது இன்னும் அதிகம். இவற்றை ‘சின்னப் பசங்க சமாச்சாரம்’ என்று ஒதுக்குவது தப்பு. சில தொடர்கள் மூலப்படத்தையே தூக்கி நிறுத்தியிருக்கின்றன. ஆனால் வழுக்கி விழுபவை எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழுகின்றன. கேமராவால் முடியாததைக் காட்டத்தான் அனிமேஷன் வேண்டும். இவர்களோ பழைய நடிகர் இல்லாத குறையை மூடுவதற்கு அதைக் கூப்பிடுகிறார்கள்.

2006-இல் வந்த ‘நைட் அட் தி மியூசியம்’ நினைவிருக்கும். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பொழுது சாய்ந்ததும் ஒரு எகிப்தியப் பொன் தகட்டின் சக்தியால் மெழுகுச் சிலை, கல், எலும்பு எல்லாம் உயிர் பெற்றுவிடும். டி-ரெக்ஸ் எலும்புக்கூடு தன் விலா எலும்பைத் தூக்கிப் போடச் சொல்லி நாய் மாதிரி ஓடி விளையாடும். அந்தக் காட்சி ஏன் எடுபட்டது? இரவுக் காவலாளி லாரியாக வரும் பென் ஸ்டில்லர் ரத்தமும் சதையுமான மனிதர். அவர் நிற்கும் தரையும் அவர் மேல் விழும் வெளிச்சமும் நாம் அன்றாடம் பார்ப்பவை. அதற்கு நடுவே எலும்பு ஓடியதால்தான் வாய் பிளந்து பார்த்தோம். படத்தின் அதிசயம் மொத்தமும் அந்த ஒரு முரணில் இருந்தது.

2009, 2014 என்று மேலும் 2 படங்கள் வந்தன. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மெழுகுச் சிலையாக நடித்த ராபின் வில்லியம்ஸ், மூன்றாம் படம் வெளியாவதற்கு முன்பே 2014 ஆகஸ்டில் மறைந்தார். பிறகு 2019-இல் ஃபாக்ஸ் நிறுவனம் டிஸ்னி கைக்குப் போனது. 2022 டிசம்பரில் ‘காமுன்ரா ரைசஸ் அகெய்ன்’ என்ற 77 நிமிட இருபரிமாண அனிமேஷன் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. லாரியின் மகன் நிக் இப்போது இரவுக் காவலாளி.

முதல் சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது. எல்லாமே வரைந்த உலகத்தில் மெழுகுச் சிலை நடந்தால் அதில் என்ன வியப்பு? நிக்கும் கோடுதான், ரூஸ்வெல்ட்டும் கோடுதான், டி-ரெக்ஸும் கோடுதான். மூலப்படத்தைத் தாங்கிய முரண் முதல் நிமிடத்திலேயே கரைந்துபோகிறது. இதைத் தவிர்க்க வழி இருந்தது. ஒவ்வொரு காட்சிப்பொருளையும் அதன் மூலப்பொருளுக்கு ஏற்றபடி வேறு வேறு பாணியில் வரைந்திருக்கலாம்: எகிப்தியச் சுவரோவியப் பாத்திரங்கள் பக்கவாட்டில் மட்டும் நகரலாம், பளிங்குச் சிலை நொடிக்கு ஆறே நிலைகளில் விறைப்பாக அசையலாம், மெழுகு மட்டும் வழவழப்பாக ஓடலாம். அப்படிச் செய்திருந்தால் ‘இது மனிதன், இது பொருள்’ என்ற வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் ஒரே கோடு, ஒரே அசைவு என்று விட்டதுதான் படத்தின் பெரிய இழப்பு.

குரல் மாறியதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய குறையாகப் படவில்லை. ரூஸ்வெல்ட்டுக்குக் குரல் கொடுத்த தாமஸ் லென்னன், முதல் இரண்டு படங்களின் திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவர். அந்தப் பாத்திரத்தின் நாடி அவருக்குத் தெரியும். பிழை வேறு இடத்தில் இருக்கிறது. 2009 படத்தில் எகிப்திய வில்லன் காமுன்ராவாக ஹாங்க் அசாரியா போட்ட ஆட்டம் முழுக்க முழுக்க அவருடைய குரலிலும் உடல்மொழியிலும் நின்றது. அதே வில்லனை வேறு குரலில் மறுபடி கொண்டுவந்தால் ஒப்பீடு தானாக வந்து நிற்கும். மகனைக் கதாநாயகனாக்கிய புத்தி வில்லன் விஷயத்திலும் வேலை செய்திருக்க வேண்டும். புது வில்லன் என்றால் ஒப்பிட ஆளே இல்லை.

தயாரிப்புக் கணக்கையும் பார்த்துவிடலாம். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம். 2டி-யில் பெரும்பாலும் ஒரு நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு 12. 77 நிமிடத்துக்கு 1,10,880 ஃப்ரேம். இரண்டிரண்டாக வைத்தாலும் 55,440 நிலைகள். அதுவும் திரையில் ஒரே ஆள் நின்றால்! இவ்வளவையும் கையால் வரைய முடியாது என்பதால் தலை, தோள், முழங்கை, விரல் என்று தனித்தனித் துண்டுகளாக வரைந்து பொம்மை மாதிரி கோர்த்த ‘ரிக்’ பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு ரிக்குக்கும் முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று தனித்தனியாக வரைய வேண்டும். அதோடு கை வடிவங்கள், கண் இமைகள், வாய் வடிவங்கள். காசு இழுக்கும்போது முதலில் வெட்டுவது முதுகுப் பக்கத்தை. அதனால்தான் சில தொடர்களில் யாருமே முழுசாகத் திரும்ப மாட்டார்கள். பேசிக்கொண்டே நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறுவார்கள். பார்க்கும் குழந்தைக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ விறைப்பாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு மியூசியம் நிறைய பாத்திரங்கள் என்பது படப்பிடிப்பில் துணை நடிகர்களையும் உடைகளையும் வைத்துச் சமாளிக்கக்கூடிய செலவு. அனிமேஷனில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு ரிக். கூட்டம், துணி, தண்ணீர், தலைமுடி, இந்த நான்கும் பட்ஜெட்டைத் தின்னும். ஆகவே கதையை எழுதும்போதே ஆளைக் குறைக்க வேண்டும். ஆறு பேரை ஆழமாக எழுதினால் போதும். ஸ்டோரிபோர்டைத் தற்காலிகக் குரலோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக் கட்டத்திலேயே மொத்தப் படமும் நிற்க வேண்டும். அங்கே ஒரு காட்சியைத் தூக்கினால் சில நாள் வேலை போகும். அனிமேஷன் முடிந்தபின் தூக்கினால் பல பேருடைய பல வார உழைப்பு குப்பைக்குப் போகும். சலிப்பூட்டும் படங்களில் பல, அனிமேட்டிக்கில் தைரியமாக வெட்டாத படங்கள்தான்.

முகச்சாயல் இன்னொரு தலைவலி. பாத்திரம் ஸ்டுடியோவின் சொத்து. ஆனால் நடிகரின் முகம் நடிகருடையது. இதை அழகாகச் சமாளித்த பழைய உதாரணம், பேய் பிடிக்கும் குழுவைப் பற்றிய 1984 ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தைத் தொடர்ந்து 1986-இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி ரியல் கோஸ்ட்பஸ்டர்ஸ்’. படத்தின் நடிகர்களைப் போல வரையவே இல்லை. குழுவில் ஒருவரான ஈகானுக்குப் பொன்னிற முடி. படத்தில் எல்லோரும் ஒரே நிறச் சீருடை. கார்ட்டூனில் ஈகானுக்கு நீலம், பீட்டருக்குப் பழுப்பு என்று ஆளுக்கொரு நிறம். சின்னத் திரையில், தூரக் காட்சியில், யார் யார் என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். வின்ஸ்டனாகப் படத்தில் நடித்த எர்னி ஹட்சன் அதே பாத்திரத்தின் குரலுக்குத் தேர்வுக்குப் போய், அந்த வாய்ப்பு ஆர்சினியோ ஹாலுக்குப் போனது. நடிகருக்கு அது அநியாயம்தான். ஆனால் தொடர் நின்றது, காரணம், ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி போன்றவர்கள் குழந்தைகளைக் குறைத்து மதிப்பிடாமல் எழுதியது.

அது கெட்டதும் பாடமாக இருக்கிறது. பிறகு வந்த சீசன்களில் ஆலோசகர்கள் பேச்சைக் கேட்டு, குழுவின் செயலாளர் ஜனீனின் கூர்மையான கண்ணாடியை வட்டமாக்கினார்கள். கூர் முனைகள் குழந்தைகளைப் பயமுறுத்துமாம். அவளுடைய வெடுக்குப் பேச்சையும் மழுங்கடித்தார்கள். 1988-இல் பச்சைப் பேய் ஸ்லைமரின் பெயரே தலைப்பில் முன்னால் வந்துவிட்டது. பேய் பிடிக்கும் தொடரில் பயம் போனபின் மிச்சம் என்ன இருக்கும்? குழந்தைகளுக்கான கதையில் பயம் இருக்கலாம், இழப்பும் இருக்கலாம். கைவிடப்பட்ட உணர்வோடு காட்சி முடியக்கூடாது, அவ்வளவுதான்.

கதை எங்கே தொடங்க வேண்டும் என்பதில்தான் நல்லவை ஜெயிக்கின்றன. ‘ஸ்டார் வார்ஸ்’ இரண்டாம் அத்தியாயம் 2002-இல் ஒரு போர் தொடங்குவதோடு முடிந்தது. 2005-இல் வந்த மூன்றாம் அத்தியாயம் போர் முடியும் தறுவாயில் தொடங்கியது. நடுவில் மூன்று ஆண்டுப் போர் காலியாகக் கிடந்தது. 2008-இல் ‘தி குளோன் வார்ஸ்’ அந்தக் காலியிடத்தில் குடியேறியது. தொடரின் முதல் அத்தியாயங்களை ஒட்டித் திரையரங்குக்கு அனுப்பிய படம் நன்றாக இல்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மரத்தில் செதுக்கியது போன்ற முகங்களைப் பெரிய திரை தாங்கவில்லை. நாயகன் அனகினுக்கு அசோகா என்று ஒரு சிஷ்யை எங்கிருந்து வந்தாள், மூன்றாம் அத்தியாயத்தில் அவள் ஏன் இல்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எழுத்தாளர்கள் அந்தக் கேள்வியையே கதையாக்கினார்கள். பொய்ப்பழி சுமந்து, பழி நீங்கிய பின்னும் ஜெடாய் வீரர்களின் அமைப்பை விட்டு அவள் விலகி நடக்கும் ஐந்தாம் சீசன் முடிவு, அனகின் ஏன் உடைந்தான் என்பதற்குப் படங்களே தராத ஒரு காரணத்தைத் தந்தது. 2020-இல் வந்த கடைசி அத்தியாயங்கள் மூன்றாம் அத்தியாயப் படம் நடக்கும் அதே நாட்களில் நடக்கின்றன. பின்னால் அசோகா நிஜ நடிகை நடிக்கும் தொடராகவும் வந்துவிட்டாள்.

‘ஜுராசிக் வேர்ல்டு: கேம்ப் கிரெட்டேசியஸ்’ (2020, நெட்ஃபிளிக்ஸ்) இதே உத்தியை இன்னும் கச்சிதமாகச் செய்தது. 2015 படத்தில் இண்டோமினஸ் என்ற கலப்பின டைனோசர் தப்பித்து, பூங்காவிலிருந்து மொத்தக் கூட்டமும் வெளியேற்றப்படுகிறது. அதே நாளில் தீவின் இன்னொரு மூலையில் ஒரு கோடை முகாமில் ஆறு பிள்ளைகள். முதல் சீசனின் பிற்பகுதி முழுக்க அவர்கள் துறைமுகம் போய்ச் சேரப் படும் பாடு. போய்ச் சேரும்போது படகு கிளம்பிவிட்டது. படத்தில் வந்த நாயகர்களின் தேவையே இல்லை, முகச்சாயல் பிரச்சினையும் இல்லை. படம் பார்த்தவர்களுக்கு மட்டும் பின்னணியில் என்ன நடக்கிறது என்று தெரியும், அதனால் பதற்றம் இரட்டிப்பு. அந்தப் பிள்ளைகளில் ஒருவனான பென் வளர்க்கும் அங்கிலோசாரஸ் குட்டி பம்ப்பியின் கொம்புகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. அந்த ஒரு கோணலால், குட்டி வளர்ந்து பெரிய உருவமாகத் திரும்ப வரும்போதும் குழந்தைகள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறார்கள். நல்ல வடிவமைப்பு என்றால் இது.

நம் பக்கம் வருவோம். 2010-இல் ஹரி இயக்கி சூர்யா நடித்த ‘சிங்கம்’, 2011-இல் இந்தியில் ‘சிங்கம்’ ஆகவே அஜய் தேவ்கனோடு போனது. அதிலிருந்து 2018-இல் டிஸ்கவரி கிட்ஸில் ‘லிட்டில் சிங்கம்’ பிறந்தது. தமிழ்ப் படத்தில் துரைசிங்கத்தின் பலம் நல்லூர், அந்த ஊர் ஜனம், அவர் குடும்பம், அந்தப் பேச்சு. குட்டிப் போலீஸாகி மிர்ச்சி நகருக்குக் குடிபெயர்ந்தபோது சீருடை மட்டும்தான் மிச்சம். பெரியவரைச் சிறுவனாக்குவது எளிதான வழி, அதனாலேயே இந்தியத் தொலைக்காட்சி அதை அடிக்கடி எடுக்கிறது. ஆனால் அந்தப் பாத்திரம் ஏன் பிடித்தது என்று கேட்காமல் உயரத்தை மட்டும் குறைத்தால், பத்தோடு பதினொன்றாக இன்னொரு சூப்பர் ஹீரோதான் கிடைக்கும்.

‘பாகுபலி’ வேறு வகையில் சிக்கியது. 2017-இல் அமேசான் பிரைமில் வந்த ‘தி லாஸ்ட் லெஜண்ட்ஸ்’, அமரேந்திரனும் பல்லாளதேவனும் இளவரசர்களாக இருந்த காலத்துக்குப் போகிறது. இருவரும் சாகமாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். அப்படியானால் பரபரப்பு வேறு எங்கிருந்தாவது வரவேண்டும்: பல்லாளனின் மனதில் பொறாமை எந்த நாளில், எந்தச் சொல்லில் வேர் பிடித்தது? அதை விட்டுவிட்டு ஒவ்வொரு வாரமும் ஒரு எதிரி என்று போனால் வாளுக்கு எடையே இல்லை. 2024-இல் ஹாட்ஸ்டாரில் வந்த ‘கிரௌன் ஆஃப் பிளட்’ கட்டப்பாவை நடுவில் நிறுத்தியது. படங்கள் அதிகம் தொடாத மனசு அவருடையது. அதனால் அந்த முடிவு சரி. அதே 2024-இல் ‘கல்கி 2898 ஏடி’ வருவதற்கு முன் வெளியான ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ இரண்டே அத்தியாயம். கீர்த்தி சுரேஷ் குரலில் பேசும் வண்டியையும் பைரவாவையும் மட்டும் மையமாக எடுத்துக்கொண்டது. அளவு தெரிந்த வேலை.

தமிழ் டப்பிங் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு வழக்கமாக எட்டு முதல் பத்து வாய் வடிவங்கள்: மூடிய உதடு, பல் தெரியும் வாய், ‘ஆ’, ‘ஓ’, உதட்டைப் பல் தொடுவது, நாக்கு மேலே தொடும் ‘ல’. இதில் கண் பிடித்துக்கொள்வது மூடிய உதட்டை மட்டும்தான். அந்த ஃப்ரேமில் ‘ப’ அல்லது ‘ம’ வருகிற தமிழ்ச் சொல் உட்கார்ந்துவிட்டால், நடுவில் உள்ள வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை. இன்னொன்று, தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கில வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு விரிந்த கண்கள், தமிழில் ‘இருக்கிறது’ என்பதற்கு விரிந்தால் நகைச்சுவை செத்துவிடும். வாக்கியத்தை உடைத்து, அதிர்ச்சிச் சொல்லைக் கடைசிக்குத் தள்ளுவது டப்பிங் எழுத்தாளரின் வேலை: ‘உன் பின்னால நிக்குறது... டைனோசர்!’ இதைச் செய்கிற ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போதுமான நாட்களும் பெயர்ப்பட்டியலில் இடமும் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளோடு பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: ‘கேம்ப் கிரெட்டேசியஸ்’ போடும் முன் 2015 ‘ஜுராசிக் வேர்ல்டு’ பார்த்துவிடுங்கள். மூன்றாம் சீசனுக்கு முன் 2018-இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்டு: ஃபாலன் கிங்டம்’ படத்தின் முதல் காட்சி, அந்த மழை இரவில் எலும்பு எடுக்க வருகிற பகுதி மட்டும் போதும். ‘குளோன் வார்ஸ்’ வெளிவந்த வரிசையில் பார்த்தால் காலம் முன்னும் பின்னும் குழம்பும். இரண்டாம் சீசனின் 16-ஆம் அத்தியாயம், பிறகு முதல் சீசனின் 16, பிறகு 2008 படம், பிறகு மூன்றாம் சீசனின் 1, 3, அதன்பின் முதல் சீசனின் தொடக்கம். படம் சலித்தால் அங்கேயே கைவிட்டுவிடாதீர்கள். முதல் சீசனின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு தனிமையான சந்திரனில் சில குளோன் வீரர்கள் மட்டும் காவல் நிற்கும் கதை வரும். ஜெடாய் வீரர்கள் அதிகம் வராத அந்த அத்தியாயத்தைப் பிள்ளை அசையாமல் பார்த்தால், மீதித் தொடரைத் தாராளமாகத் தொடரலாம்.