காஃபீல்டைக் காட்டி மெல்போர்னைக் கணிக்கலாமா?

ஆஸ்திரேலியக் குதிரைப் பந்தயங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். காஃபீல்டு கோப்பையை வென்ற குதிரைக்கே மெல்போர்ன் கோப்பையிலும் முதல் வாய்ப்பு, வெளியோரத்து கேட் (புறப்படும் இடம்) விழுந்த குதிரைகளைக் கழித்துவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. முன்னது 2400 மீட்டர், பின்னது 3200. இடையிலுள்ள 800 மீட்டரில்தான் குதிரையின் குட்டு வெளிப்படும்.

2021ஐப் பாருங்கள். காஃபீல்டில் அநாயாசமாக வென்ற இன்சென்டிவைஸ் மீதுதான் ஊரே பணம் கட்டியது. மெல்போர்ன் கோப்பை நடக்கும் ஃபிளெமிங்டன் மைதானத்தின் கடைசி நேர்பாதையில் அது முன்னேறியதும் கதை முடிந்தது என்றே நினைத்தோம். வெரி எல்லீகன்ட் என்ற பெண் குதிரை 57 கிலோ சுமையோடு அதைக் கடந்து நான்கு குதிரை நீளத்தில் வென்றது. அது புறப்பட்டது வெளிப்பக்கத்து 18ஆம் கேட்டிலிருந்து! முதல் வளைவுக்கு முன் இங்கே ஏறத்தாழ 900 மீட்டர் நேரோட்டம் கிடைக்கிறது. நிதானமுள்ள ஜாக்கி அதற்குள் உள்வேலிப் பக்கம் நுழைந்துவிடுவார்.

சுமக்க வேண்டிய எடை அதிகமென்று நல்ல குதிரையைத் தள்ளுவதும் அவசரம். மகைபி திவா என்ற குதிரை 2005இல் 58 கிலோ சுமந்து மெல்போர்ன் கோப்பையை மூன்றாம் முறை வென்றதே! நான் முதலில் பார்ப்பது முந்தைய பந்தயத்தின் கடைசி 400 மீட்டரை: தலை தாழ்கிறதா, சவுக்குக்குப் பிறகும் கால்வீச்சு குறுகுகிறதா என்று. முடிவுப் பட்டியலில் ஆறாவதாக வந்த குதிரைகூட அங்கே வேறு கதை சொல்லும்.

ஆனாலும் 2015இல் ஒன்றுக்கு நூறு தரும் பந்தய விலையில் பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் என்ற குதிரை வென்றதை எந்தக் கணக்கும் சொல்லியிருக்காது. அடுத்த கட்டுரையில் ஐரோப்பியக் குதிரைகளைப் பற்றியும் எழுதுங்கள்.