பங்காளி ஜெயிக்கக் கூடாது

போன வாரம் காவேரிப்பட்டணம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கூடப் படித்தவன் ஒருத்தன் கேட்டான். "உனக்குச் சோறு போடுறதே பெங்களூரு. அப்புறம் ஏன்டா பெங்களூரு ஃபுட்பால் டீம் தோத்தா உனக்கு இவ்வளவு குஷி?"

அப்போதைக்கு எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோடு உட்காருங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கிருஷ்ணகிரி கால்பந்து ஊர் இல்லை. எங்களுக்குக் கிரிக்கெட், கபடி, சாயந்திரமானால் வாலிபால். கால்பந்து எனக்கு வந்தது ஹைவே ஓரத்து மலையாளி பேக்கரி வழியாக. உலகக் கோப்பை வந்தால் கல்லாவில் இருக்கும் அண்ணன் பிரேசில், டீ ஆற்றும் தம்பி அர்ஜென்டினா. அந்த ஒரு மாதம் இருவரும் வாடிக்கையாளர் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு நாடுகளையும் இருவரும் பார்த்ததில்லை. அண்ணன் தம்பிக்குள் சண்டை போடத் தோதாக ஒரு பக்கத்து வீட்டுப் பகையைக் கடல் தாண்டி வரவழைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2018 மார்ச் 17, சனிக்கிழமை. எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் நாலு பேர் தங்கியிருந்த வீடு. டிவியில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) இறுதிப்போட்டி, பெங்களூரின் கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்சியும் சென்னையின் எஃப்சியும். மற்ற மூன்று பேரும் கர்நாடகம், நான் ஒருத்தன்தான் இந்தப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து சென்னை 250 கிலோமீட்டர். அதுவரை நான் அங்கே போனதே நாலைந்து கல்யாணத்துக்கு. கண்டீரவாவோ ஒரு பஸ் தூரம். நியாயமாகப் பார்த்தால் நான் பெங்களூருக்குத்தான் கத்தியிருக்க வேண்டும். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரு கேப்டன் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோல் போட்டார். என் வயிற்றை ஏதோ பிசைந்தது. நான் யார் பக்கம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் சென்னை வீரர் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரில் இரண்டு முறை தலையால் முட்டினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். கடைசி நேரத்தில் பெங்களூரின் மிக்கு ஒன்று அடித்தும் பயனில்லை, 3-2. லீக்கில் முதலிடம் பிடித்த அணி, சொந்த மைதானத்தில், சொந்த ஜனத்துக்கு முன்னால் தோற்றது. நான் கத்தவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். கூடத் தங்கியிருந்த துமகூரு பையன் கண்டுபிடித்துவிட்டான். "நகு மச்சா, நகு" என்றான், அதாவது சிரி மச்சான். (நமக்கு வள்ளுவரோடு நின்றுபோன சொல் அவர்களுக்கு இன்னும் வீட்டில் புழங்குகிறது.) கூடவே விரலை ஆட்டி, "முந்தின வர்ஷ நோடு."

அடுத்த வருஷம் பார் என்கிறான். கன்னடத்தில் முந்தின என்றால் அடுத்த. தமிழில் அப்படியே தலைகீழ். இத்தனை வருடம் அங்கே இருந்தும் இந்த ஒரு வார்த்தை எனக்கு ஒரு நொடி தடுக்கும். அவன் சொன்னபடியே அடுத்த வருடம், அதே மார்ச் 17 அன்று, மும்பையில் கோவாவை 1-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். ஒரு வாரத்துக்கு என்னிடம் அவன் பேசியதெல்லாம் அந்த ஒரே வார்த்தை.

அந்த 2018 மேட்ச் நடந்தது சனிக்கிழமை. ஆனால் அதன் இரண்டாம் பாதி திங்கட்கிழமை காலை கேன்டீனில்தான். அன்றைக்கு எல்லோருக்கும் நான்தான் காபி வாங்கிக் கொடுத்தேன். என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு குடிப்பது எவ்வளவு கசப்பு என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் நானும் குடித்தேன்.

என் அப்பாவுக்குக் கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. இருந்தாலும் இந்தப் புத்தி அவரிடமிருந்துதான் வந்தது. எங்கள் மாந்தோப்புக்கும் பெரியப்பா தோப்புக்கும் நடுவில் ஒரே வரப்பு. மண்டிக்குப் போய்விட்டு வந்தால் தன் காய் என்ன விலைக்குப் போனது என்பது அப்பாவுக்கு இரண்டாவது கவலை. பெரியப்பா காய் என்ன விலை? அதுதான் முதல் கவலை. சித்தூர்ப் பக்கம் டன்னுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தது என்றால், "அவங்க நேரம்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொள்வார். வரப்புக்கு அந்தப் பக்கம் நூறு ரூபாய் கூட என்றால் ராத்திரி சோறு இறங்காது. இத்தனைக்கும் பெரியப்பா வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாற முதலில் போய் நிற்பவரும் அவர்தான். (எங்கள் தோப்பில் பாதி மரம் தோத்தாபுரி. அந்தக் காய்க்கு எங்கள் ஊர்ப் பெயர் பெங்களூரா. என் தலையெழுத்தைப் பாருங்கள்.)

இதற்குத் தமிழில் பக்காவான சொல் ஒன்று இருக்கிறது: பங்காளி. பங்கு உள்ளவன். தீட்டுக் காப்பவனும் அவன், வரப்பை வெட்டுகிறவனும் அவன். எங்கள் பக்கம் மாரியம்மன், திரௌபதியம்மன் கோயில்களில் நாள் கணக்கில் பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் துரியோதனன் படுகளம். அஸ்தினாபுரத்தை எங்கிருந்தோ வந்த ஒரு அந்நியன் பிடித்திருந்தால் ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்ப்போமா? பெரியப்பன் பிள்ளையும் சித்தப்பன் பிள்ளையும் மோதுவதால்தானே உட்கார்ந்திருக்கிறோம்!

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 2014 உலகக் கோப்பையைப் பாருங்கள். ஜூலை 8, அரையிறுதி. சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 7-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது பிரேசில். ஒரு நாடே அழுதது. ஐந்தே நாளில் மாரக்கானாவில் இறுதிப்போட்டி, ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். பிரேசில்காரர்கள் யாருக்குக் கை தட்டினார்கள்? ஏழு கோல் போட்ட அதே ஜெர்மனிக்கு! 113ஆவது நிமிடத்தில் மரியோ கோட்சே கோல் அடித்ததும் மஞ்சள் சட்டைகள் குதித்தன. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஜெர்மனி கோப்பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிப் போய்விடும். அர்ஜென்டினாக்காரனோ அந்த ஒரு மாதமும் கோபகபானா கடற்கரையில் கூட்டம் கூட்டமாக நின்று கேலிப் பாட்டுப் பாடியவன். அவன் உங்கள் வீட்டு முற்றத்திலேயே கோப்பையைத் தூக்கினால், அந்தப் பாட்டை உங்கள் பேரன் வரைக்கும் கேட்டாக வேண்டும். அடித்தவனை மறந்துவிடலாம். பார்த்துச் சிரிக்கப்போகிறவனை மறக்க முடியாது.

இந்த உணர்ச்சி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சங்கதி. உலகின் முதல் சர்வதேசக் கால்பந்துப் போட்டியே ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும்தான். 1872 நவம்பர் 30, கிளாஸ்கோ, 0-0. இன்றைக்கும் ஸ்காட்லாந்தில் பலருக்கு இங்கிலாந்தை எதிர்த்து யார் ஆடினாலும் அவர்தான் சொந்த டீம். 2021இல் இங்கிலாந்தும் இத்தாலியும் மோதிய யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதிப்போட்டிக்கு முன்னால் அங்கே ஒரு நாளிதழ், இத்தாலியின் பயிற்சியாளர் ராபர்டோ மான்சினிக்கு முகத்தில் நீலச் சாயம் பூசி, பழைய ஸ்காட்டிஷ் வீரன் வேஷம் கட்டி முதல் பக்கத்தில் போட்டது. இத்தாலியும் பெனால்டியில் ஜெயித்துக் கொடுத்தது. ஆனால் ஸ்காட்லாந்து எங்காவது ஆடினால் இங்கிலாந்துக்காரர் நிறைய பேர், "நம்ம பசங்கதானே, ஜெயிக்கட்டும்" என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரனுக்கு எரிவதே அங்கேதான். எதிரியாகக்கூட மதிக்கவில்லையே!

நம் ஊரில் இல்லையா? சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது 1965இல். தர்மபுரியிலிருந்து நாங்கள் பிரிந்தது 2004இல். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் கிருஷ்ணகிரிக்காரன் முதலில் பார்ப்பது தர்மபுரி எத்தனையாவது இடம் என்று. தர்மபுரிக்காரன் சேலத்தைப் பார்ப்பான். சேலத்துக்காரன் தர்மபுரியைத் திரும்பிப் பார்ப்பதாக எனக்குத் தகவல் இல்லை. ஓசூர் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருந்துகொண்டு எங்களைப் பார்ப்பதில்லை, அதன் கண் பெங்களூரு மேல். பெங்களூருக்கோ ஓசூர் என்றால் ரோஜாப்பூவும் டிராஃபிக்கும். எல்லோரும் மேலே பார்த்துத்தான் முறைக்கிறோம்.

2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசம் இந்தியாவை 1-0 என்று ஜெயித்தது. ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று. அதற்கு முன்பே இரண்டு அணியும் வெளியேறிவிட்டதால் புள்ளி மதிப்பு ஒன்றும் இல்லாத மேட்ச். ஆனாலும் 22 வருடத்துக்கு அப்புறம் கிடைத்த வெற்றி என்று அவர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். மறுநாள் என் ஆபீசில் கேட்டேன், மேட்ச் நடந்ததே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அங்கே அவர்களுக்கு நாம்தான் இங்கிலாந்து போலிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரனிடம் தோற்பதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவன் தயவில் பிழைப்பது. 2013 அக்டோபரில் மெக்சிகோ அந்த நிலைக்குப் போனது. கோஸ்டா ரிகாவிடம் அது தோற்றுக்கொண்டிருந்த அதே நேரத்தில், பனாமாவில் அமெரிக்கா 2-1 என்று பின்தங்கியிருந்தது. அப்படியே முடிந்தால் மெக்சிகோவுக்கு உலகக் கோப்பை இல்லை. அமெரிக்காவோ முன்பே தகுதி பெற்றுவிட்டது. சும்மா நின்றிருந்தாலே பரம வைரி காலி. ஆனால் 90 நிமிடம் தாண்டி அமெரிக்க வீரர் கிரகாம் சூசி ஒரு கோல் போட, பின்னாலேயே இன்னொன்றும் விழுந்து அமெரிக்கா ஜெயித்துவிட்டது. மெக்சிகோ பிழைத்தது. அமெரிக்க ரசிகர்கள் சூசியைப் புனிதர் ஆக்கி நக்கல் அடித்தார்கள். பெரியப்பா மோட்டாரிலிருந்து ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சிய என் அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னால் ஒரு வரியில் புரியும்.

அப்படியானால் பக்கத்து ஊருக்காகக் கத்தவே மாட்டோமா? கத்துவோம். தை, மாசியில் எங்கள் பக்கம் எருது விடும் விழா. எந்த மாடு குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த விநாடியில் ஓடுகிறதோ அதற்குப் பரிசு. எங்கள் ஊர் மாடு களத்தில் இருக்கும்வரை பக்கத்து ஊர் மாடு கால் இடறினால் தேவலை என்றிருக்கும். எங்கள் மாடு ஓடி முடித்துத் தேறாது என்று தெரிந்ததும், ஆந்திராவின் குப்பம் பக்கத்திலிருந்து வந்த மாட்டுக்கு எதிராகப் பக்கத்து ஊர் மாட்டுக்கு விசில் பறக்கும். 2010 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா முதல் சுற்றிலேயே வெளியேறியதும் அந்த மக்கள் கானாவைத் தத்தெடுத்துக்கொண்டது இப்படித்தான். வரப்பு ஒரே இடத்தில் நிற்பதில்லை.

இதெல்லாம் வெறுப்பை வளர்க்கிறது என்பவர்கள் 1969ஐக் காட்டுவார்கள். எல் சால்வடாரும் ஹோண்டுராஸும் தகுதிச்சுற்றில் மோதின, ஜூலை 14 அன்று போரே மூண்டது, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கால்பந்துப் போர் என்று பெயர். ஆனால் பந்தா காரணம்? சால்வடாரிலிருந்து லட்சக்கணக்கான ஏழை விவசாயிகள் ஹோண்டுராஸில் குடியேறி உழுதுகொண்டிருந்தார்கள். நிலச் சீர்திருத்தம் என்று சொல்லி அவர்களைத் துரத்தினார்கள். சண்டை மண்ணுக்கு, பழி பந்துக்கு.

எனக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை. 2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரம். பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன, பஸ் நின்றுபோனது. துமகூரு பையன்தான் தன் பைக்கில் என்னை எல்லையோரத்து அத்திப்பள்ளி வரை கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம், "யாராவது கேட்டா கன்னடத்துல பேசு, இல்லேன்னா பேசாதே" என்றான். அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கத்து ஜூஜூவாடி வரை மூட்டை முடிச்சோடு நடந்தவர்களில் நானும் ஒருத்தன். திரும்பிப் போன பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. கிரிக்கெட்டைக்கூடச் சத்தம் குறைத்து வைத்துப் பார்த்தோம். அந்த மரியாதையைப் போல மோசமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை. முதல் நக்கல் எங்கிருந்து கிளம்பியது என்று ஞாபகம் இல்லை, ஆனால் அது வந்த அன்றைக்குத்தான் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

2023 ஜூன் 21, அதே கண்டீரவா. தெற்காசியக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும். மழை. துமகூரு பையனும் நானும் நனைந்துகொண்டே நின்றோம். பத்தாவது நிமிடத்தில் சேத்ரி, அப்புறம் பெனால்டியில் இரண்டு, ஹாட்ரிக். நான்காவது உதாந்தா சிங். 2018இல் சேத்ரி தலைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்து என் வயிற்றைப் பிசைய வைத்த அதே உதாந்தா! தொண்டை கிழியக் கத்தினேன். துமகூரு பையன் என்னையே பார்த்தான். "இவரு யாரு, தெரியுதா?" என்றான். விசா தாமதமாகி பாகிஸ்தான் அணி அன்றைக்குத்தான் பெங்களூரு வந்து இறங்கியிருந்தது. 4-0 அடித்ததில் அது மட்டும் எனக்கு உறுத்தியது. சுற்றி இருந்தவர்களுக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை.

அவன் இப்போது புனேவில் வேலை பார்க்கிறான். வீட்டையும் காலி செய்தாயிற்று. 2025 ஏப்ரல் 12 அன்று கொல்கத்தாவில் ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி, பெங்களூரும் மோகன் பகானும். ஊரில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பெங்களூரு முதலில் முன்னிலை எடுத்து, கடைசியில் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றது. பழைய வழக்கப்படி எழுந்து சமையலறைக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். சிரிப்பு வரவில்லை.

"நகு மச்சா" என்று அவனுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். பார்த்துவிட்டான் என்று நீல டிக் காட்டியது, பதில் இல்லை. பத்து நிமிடம் கழித்து வந்தது.

"முந்தின வர்ஷ நோடு."

அப்போதுதான் சிரித்தேன். உள்ளேயிருந்து அப்பா, "என்னடா, யாரு தோத்தாங்க?" என்றார்.