தகேஷிதா வாங்கியது தங்கம் இல்லை

'159 செ.மீ. உயரம்தான், ஆனால் ஸ்மாஷ் அடித்தே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்' என்று வாலிபால் வீராங்கனை யோஷியே தகேஷிதா பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உயரம் சரி, மற்றது தப்பு. அவர் செட்டர், அடிப்பவருக்குப் பந்தை வலைக்குப் பக்கத்தில் தூக்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை. லண்டனில் தங்கம் பிரேசிலுக்கு. ஜப்பான் தென் கொரியாவை 3-0 என வென்று வாங்கியது வெண்கலம், அதுவே பெண்கள் வாலிபாலில் ஜப்பானுக்கு 1984க்கு அப்புறம் 28 வருஷம் கழித்து வந்த ஒலிம்பிக் பதக்கம், அதுவும் தகேஷிதா விரல் முறிவோடு ஆடி! 2006 உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பான் ஆறாவது இடம்தான், ஆனாலும் சிறந்த வீராங்கனை விருது இவருக்கே. செய்தியில் அது இல்லவே இல்லை. ஒலிம்பிக்கின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் லண்டன் முடிவுகளைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.