ஆச்சியின் குடையைப் பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் புகைப்பட விமர்சனக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாளாகச் சும்மா இருந்தேன். நேற்று அதன் காணொளியைப் போட்டு, "விமர்சனம்னா இப்படி இருக்கணும்" என்று ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். புளியரைப் பிள்ளை ஒன்று தன் ஆச்சியைப் படம் எடுத்திருந்தது. சாரல் நேரம், வரப்பில் ஆச்சி வருகிறாள். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று குடையை மேலே திருப்பிவிட்டது. ஒரு கையில் குடைக்கம்பு, மறு கையில் முந்தானை. பின்னால் மலை சாய்ந்திருக்கிறது, வானம் வெள்ளையாகக் கிடக்கிறது. படம் திரைக்கு வந்து பத்து நொடி ஆகவில்லை, நடுவர் சொல்லிவிட்டார்: "தொடுவானம் கோணல். வானம் வெளுத்துப்போச்சு. டெலீட் பண்ணிடும்மா. அடுத்தது." கூட்டம் சிரித்தது. அந்தப் பிள்ளை தலையே நிமிரவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். படத்தைப் பார்க்காமல் சொல்வது விமர்சனம் இல்லை.

வானம் வெளுத்துப்போச்சாம். சாரல் நாளில் புளியரை வயலில் நின்றவர்களைக் கேளுங்கள், அங்கே வானம் வெள்ளைதான். கேமராவில் ஒளியை அளக்கிற மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். அதை அப்படியே நம்பி எடுத்தால் மேகம் அழுக்குத் துணி மாதிரி வரும், ஆச்சியின் முகம் கறுத்துவிடும். இந்தப் படத்தில் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. வானத்தைக் கொடுத்து முகத்தை வாங்கியிருக்கிறது அந்தப் பிள்ளை. சரி, தெரியாமல் அமைந்ததாகவே இருக்கட்டும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

கோணலுக்கு வருகிறேன். புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் அமெரிக்காவைச் சுற்றி எடுத்த 83 படங்கள் 1959-இல் அங்கே புத்தகமாக வந்தபோது, பெயர்பெற்ற புகைப்படப் பத்திரிகை ஒன்றே மங்கல், கோணல், அலட்சியம் என்று கிழித்தது. இன்று புகைப்படக்கலை படிப்பவர் யாரும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. எல்லாக் கோணலும் கலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காற்றில் மலை நேராக நின்றிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"உனக்கு விமர்சனமே ஆகாது" என்று வரப்போகிறவர்களுக்கு: நான் செங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன். ஃபிலிம் காலம். அண்ணாச்சி பிரிண்டை மேசையில் வைப்பார். கல்யாணப் பத்திரிகை அட்டையில் 'எல்' வடிவத்தில் வெட்டிய இரண்டு துண்டுகளை அதன்மேல் வைத்து நகர்த்தி, ஓரத்தில் எதை வெட்டலாம் என்று பார்ப்பார். இடப்பக்கம் ஒரு விரல், மேலே அரை விரல். பேச மாட்டார். டீ ஆறி ஆடை கட்டிவிடும். அப்புறம்தான் கேள்வி வரும்: "ஏல, இந்த ஆளு எதைப் பாக்கான்?" எனக்குத் தெரியாது. "எடுத்த உனக்கே தெரியலன்னா?"

ஒரு தடவை கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தில் மீட்டர்கேஜ் ரயில் போகிற படத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். "பாலம் இருக்கு, ரயில் இருக்கு. நீ எங்கல இருக்க?" என்றார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி கழுதுருட்டிக்குப் பஸ் ஏறினேன். ஏறவைத்தது அந்தத் திட்டு இல்லை. அதற்கு முன் அந்தப் படத்தோடு அவர் உட்கார்ந்திருந்த கால் மணி நேரம்.

நிறையப் படம், நேரம் இல்லை என்கிறார்கள். நேரம் இல்லையென்றால் படத்தைக் குறையுங்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு சொல் தாங்க மாட்டார்கள் என்கிறார்கள். படத்தைப் பற்றிய சொல்லை அந்தப் பிள்ளை தாங்கும். நூறு பேர் சிரிப்பை எதற்குத் தாங்க வேண்டும்? அந்த வரப்பில் நடப்பது அதன் சொந்த ஆச்சி. டெலீட் பண்ணு என்று அந்த முகத்தைத் திரையில் வைத்துக்கொண்டு சொல்கிறோம் என்பதாவது உறைக்க வேண்டாமா? "அருமை, சூப்பர்" என்று எழுதிவிட்டு நகர்கிறவர்களும் பார்ப்பதில்லைதான். ஆனால் அவர்களால் யாரும் கேமராவைக் கீழே வைத்ததில்லை.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நடுவர் தெரிந்தவர். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான்கு நாளாக என்னை அறுப்பது அதுதான். அண்ணாச்சி இருந்திருந்தால் என்னைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

தாயி, நீ இதைப் படிப்பாயா தெரியவில்லை. அந்தப் படத்தை அழிக்காதே. காணொளியை நிறுத்தி வைத்து நேற்று ராத்திரி வெகுநேரம் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு கரண்ட் கம்பம் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது, அது எனக்கு உறுத்துகிறது. வேண்டுமென்றே விட்டாயா, கவனிக்கவில்லையா? இன்னொன்று, ஆச்சி திரும்பிய குடையைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. அந்த நேரம் அவளிடம் என்ன சொன்னாய்?