நல்லவர்கள் வாயிலும் அது இருந்தது

‘டவுன்டன் அபி’ தொடரை இப்போதுதான் முழுதாகப் பார்த்து முடித்தேன். 2010-இல் தொடங்கி 2015 கிறிஸ்துமஸில் முடிந்த தொடர். ஊரே பார்த்து மறந்த பிறகு நான் பார்ப்பது வழக்கம்தான், அதை விடுங்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப்பற்றி நாலு வரி எழுதினேன். சண்டை பிடித்துக்கொண்டது.

சென்னையில் படிக்கும் அண்ணன் மகள் ஆரம்பித்தாள். “மேல உட்கார்ந்து சாப்பிடுறவங்க, கீழ நின்னு பரிமாறுறவங்க, பொண்ணுக்குச் சொத்து கிடையாது, வேலைக்காரி கர்ப்பமானா நடுத்தெரு. இதுக்கெல்லாம் அழகா லைட் போட்டுக் காட்டுறாங்க. நீங்களும் உட்கார்ந்து ரசிக்கிறீங்களே அத்தை?” உடனே சித்தப்பா குரல் செய்தி அனுப்பினார். “அந்தக் காலத்துல பெரியவங்களுக்கு ஒரு மரியாதை இருந்துது மக்களே. இப்போ எவன் யாருக்கு எழும்புகான்?”

அவள் அதைக் காட்டவே கூடாது என்கிறாள். இவர் அந்தக் காலமே திரும்பி வரட்டும் என்கிறார். பழங்காலத்துக் குடும்பத் தொடர் வரும்போதெல்லாம் நம் ஊரில் இந்த இரண்டு பேச்சுதான். என் கேள்வி வேறு. பழைய எண்ணங்களைக் காட்டட்டும், தாராளமாகக் காட்டட்டும். அதை யார் வாயில் வைத்துக் காட்டுகிறார்கள்?

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பிரபு குடும்பம். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடர் தொடங்குகிறது. பிரபு ராபர்ட்டுக்கு மூன்று பெண்கள், ஆண் பிள்ளை இல்லை. வாரிசுகளாக இருந்த உறவினர்கள் கப்பலோடு போய்விட்டார்கள். மூத்தவள் மேரிக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. அவள் அம்மா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பணமும் எஸ்டேட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டாயிற்று. எல்லாம் போவது மான்செஸ்டரில் வக்கீலாக இருக்கும் ஒரு தூரத்துச் சொந்தக்காரனுக்கு.

இதை நான் அம்மைக்குக் கதையாகச் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்திவிட்டாள். “சொந்த மொவ இருக்கச்சில எவனோ ஒருத்தனுக்கா? இது நம்ம காரணவமாரு பண்ணுன கூத்துல்லா!”

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வேளாளர்களிடையே நெடுங்காலம் இருந்தது மருமக்கள் வழி. அப்பன் சொத்து மகனுக்கு இல்லை, அப்பனின் உடன்பிறந்தாள் மகனுக்கு. குடும்பத் தலைவர் காரணவர். அவர் கண்ணை மூடினால் மருமகன் வந்து உட்காருவான். மனைவியும் மக்களும் உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம் வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். வெளியூர் நண்பர்கள் சிலர் ‘பெண்வழிச் சொத்துரிமை, அந்தக் காலத்திலேயே எவ்வளவு முற்போக்கு’ என்று இதைக் கொண்டாடுவார்கள். பிறந்த வீட்டில் அவளுக்கு உரிமை இருந்தது உண்மை. வாழ்ந்த வீட்டில், பெற்ற பிள்ளைக்கு, ஒன்றும் கிடையாது.

தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது ‘தமிழன்’ இதழில் தொடராக எழுதியதுதான் ‘மருமக்கள்வழி மான்மியம்’. காரணவரின் ஐந்தாம் மனைவி சொல்லும் கதை அது. ‘மாமி அரசியற் படலம்’, ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று தலைப்புகளிலேயே சிரிக்கவும் வைப்பார், வயிற்றெரிச்சலையும் கிளப்புவார். டவுன்டன் மாளிகையைக் காயம்பட்ட ராணுவ அதிகாரிகளுக்கான இல்லமாக மாற்றும் இரண்டாம் சீசனும் அதே போர்க்காலம்தான். யார்க்‌ஷயரில் மகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள், தோவாளையில் மகன் நிற்கிறான்.

முடிவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த ஆணுக்கே என்ற முறையை 1925-இல் இயற்றிய சட்டத்தால் இங்கிலாந்து கைவிட்டது. 1926-இல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. டவுன்டனின் கதை முடிவதும் 1925-இன் கடைசி ராத்திரியில்.

சரி, ராபர்ட்டுக்கு வருகிறேன். மனைவி சொல்கிறாள், அவருடைய அம்மாவே சொல்கிறாள், ஆண் வாரிசுக்கே சொத்து என்ற அந்தக் கட்டுப்பாட்டை உடைத்து மேரிக்குச் சொத்தை வாங்கிக் கொடு என்று. அவர் மறுத்துவிடுகிறார். அவர் கொடுமைக்காரர் இல்லை. மகள் மேல் உயிர். நாய் செத்தால் அழுகிற மனுஷன். ஆனால் இந்தச் சொத்து தன்னுடையது அல்ல, முன்னோர் தந்தது, சிதறாமல் அடுத்தவன் கையில் கொடுப்பதுதான் தன் வேலை என்று மனதார நம்புகிறார். நம் காரணவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்: “இது என் முதலா? தறவாட்டு முதல்லா.” (தறவாடு என்றால் கூட்டுக் குடும்பம், முதல் என்றால் சொத்து.) இந்த இடத்தில் தொடர் நேர்மையாக இருக்கிறது. அநியாயம் ஒரு நல்ல அப்பாவின் வாயிலிருந்து, அன்போடு, கடமையாக வருகிறது. நமக்கு அவரை வெறுக்கவும் முடிவதில்லை, ஒப்புக்கொள்ளவும் முடிவதில்லை.

எதெல் கதையும் அப்படித்தான். வீட்டு வேலைக்காரி. குணமாக வந்த ராணுவ மேஜர் ஒருவனால் கர்ப்பமாகி வேலை போகிறது. பிள்ளையை வளர்க்க வேறு வழியில்லாமல் உடம்பை விற்கிறாள், கடைசியில் மேஜரின் பெற்றோரிடமே பிள்ளையைக் கொடுத்துவிடுகிறாள். அவளுக்குச் சமையல் வேலை கொடுக்க இசபெல் என்ற அம்மாள் ஒருத்தி முன்வந்ததும், அங்கே ஏற்கெனவே இருந்த சமையல்காரி வேலையை விட்டே போகிறாள். நாம் ஆறு சீசனும் நேசிக்கிற பட்லர் கார்சன், அந்த வீட்டுக்கு நம் பெண்கள் யாரும் போகக்கூடாது என்கிறார். அவளை அதிகம் துரத்துவது எஜமானர்கள் இல்லை, கீழ்த்தளத்தில் அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். இதைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர்க் கிணற்றடிப் பேச்சு அத்தனையும் காதில் கேட்டது.

அப்புறம் தொடர் சறுக்குகிற இடம். பிரபுவின் இரண்டாவது மகள் ஈடித்துக்கும் கல்யாணமாகாமல் குழந்தை பிறக்கிறது. அவள் சுவிட்சர்லாந்து போய்ப் பெற்றுக்கொண்டு வருகிறாள். குழந்தையைத் தங்கள் நிலத்தில் குத்தகைக்கு இருக்கும் ஒரு விவசாயி வீட்டில் வளர்க்கக் கொடுக்கிறாள். அந்த விவசாயியின் மனைவி அதைத் தன் மகளாகவே வளர்க்கிறாள். பிறகு ஈடித் வந்து தூக்கிக்கொண்டு போகிறாள். அவள் மாளிகையில் குழந்தையைக் கொஞ்ச, விவசாயியின் மனைவி மனம் பேதலித்து, கடைசியில் அந்தக் குடும்பமே குத்தகையை விட்டு ஊரைக் காலி செய்கிறது. வேலைக்காரி பெற்றால் பிள்ளை போகும். பிரபு மகள் பெற்றால் பிள்ளையும் வரும், அடுத்தவள் வயிறும் எரியும். இதை ஒரு அநியாயமாகத் தொடர் காட்டியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் இசையும் கேமராவும் ஈடித் பக்கமே நிற்கின்றன. அவளுக்காக அழச் சொல்கின்றன. பழைய எண்ணம் உண்மையில் ஒளிந்திருப்பது இங்கேதான். பாத்திரத்தின் வாயில் வருவதை நாம் கண்டுபிடித்துவிடுகிறோம், கதை யாருக்காக உருகுகிறது என்பதில் கோட்டை விடுகிறோம்.

தாமஸ் விஷயம் இதற்கு நேர் எதிர். ஆண்களை விரும்பும் வேலையாள் அவன். மாட்டிக்கொள்ளும்போது பிரபு, பள்ளி நாட்களில் நாங்கள் பார்க்காததா என்கிற மாதிரிப் பேசி அவனைக் காப்பாற்றிவிடுகிறார். 1967 வரை இங்கிலாந்தில் அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். நமக்குப் பிடித்த பிரபுவை நமக்குப் பிடித்தபடியே வைத்திருக்க, நம் காலத்து எண்ணத்தை அவர் கோட்டுப் பையில் போட்டுவிட்டார்கள். பார்க்க இதமாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நம் தமிழ்த் தொடர்களில் இந்த இதம்தான் முழுச் சாப்பாடே. பழைய காலத்துக் கதை என்றால் தேக்குத் தூண், குத்துவிளக்கு, பித்தளை அண்டா, வீட்டுக்குள்ளேயே கழுத்து நிறைய நகை. கதாநாயகி அநியாயத்தைத் தட்டிக் கேட்பாள், கதாநாயகன் ஊரைத் திருத்துவான். கெட்ட எண்ணம் எல்லாம் மீசை முறுக்கிய ஒரு ஆளிடமும், கண்ணில் மை தீட்டிய ஒரு மாமியாரிடமும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். சாதி என்று ஒன்று இருந்ததாகவே தெரியாது. 1930 என்று எழுத்துப் போட்டு, குடும்பத்தோடு தேர்த் திருவிழாவுக்குப் போவார்கள். சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1926-இல் சத்தியாக்கிரகம் நடந்திருக்கிறது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். அந்தத் திருவிழாக் காட்சியில் தெருமுனைக்கு அப்பால் நின்றவர்கள் யார் என்று ஒரே ஒரு ஷாட்? கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் இன்னும் பின்னால் போனால் உடை வடிவமைப்பாளருக்கே வியர்த்துவிடும். யார் எதை உடுத்தலாம் என்பதற்கே இங்கே கலகம் நடந்தது. தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26-இல் வந்த அரசாணைகூட, நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் அல்ல என்றுதான் சொன்னது. அனுமதியிலேயே ஒரு கொக்கி. இந்தப் பகுதியை 9-ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடத்திலிருந்து நீக்கச் சொல்லி 2016-இல் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை அனுப்பியது. பாடப் புத்தகத்தாலேயே தாங்க முடியாததை மாலைத் தொடர் தாங்கவா போகிறது? ஆனால் அண்ணன் மகளே, ‘காட்டாதே’ என்று நீ சொல்லும்போது யார் பக்கத்தில் போய் நிற்கிறாய் என்று ஒரு நிமிடம் யோசி.

நல்லவர்கள் வாயில் வை என்று நான் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறேன்? எங்கள் ஆச்சியால்.

பூதப்பாண்டிப் பக்கம் ஆச்சி வீடு. ஊரில் அவளைப் போல நல்ல மனுஷி கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். தேங்காய் வெட்ட வருகிறவரின் மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு முழுவதும் ஆச்சிதான். நோட்டு, பேனா, தீபாவளிக்குப் பாவாடைத் துணி. அந்த அக்கா பணம் வாங்க வரும்போது புறவாசலில் நிற்பாள். ஆச்சி ரூபாயைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் வருவாள். அதன் பிறகுதான் அவள் குனிந்து எடுப்பாள். காப்பி உண்டு, பலகாரமும் உண்டு. ஆனால் அவளுக்கென்று ஒரு டம்ளர், விளிம்பு நசுங்கிய அலுமினிய டம்ளர், பலாமரத்தடிக் கல்லில் கவிழ்ந்திருக்கும். குடித்ததும் அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். ஆச்சி கடிந்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. படிப்பைப் பற்றித்தான் விசாரிப்பாள், மார்க் குறைந்தால் வருத்தப்படுவாள்.

பல வருடம் கழித்து அந்த அக்காவிடம் இதைக் கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. “ஒங்க ஆச்சி நல்லவதான் மக்களே. அந்த டம்ளரும் உள்ளதுதான்.”

ஒரு தொடரில் ஆச்சியை எடுத்தால் என்ன செய்வார்கள்? ஒன்று, டம்ளரை எடுத்துவிட்டு அக்காவைக் கட்டிப்பிடிக்க வைப்பார்கள். அல்லது டம்ளரை வைத்துவிட்டு, படிப்புச் செலவைத் தூக்கிவிட்டு, அவளை ராட்சசி ஆக்குவார்கள். இரண்டிலும் பார்க்கிறவனுக்கு நிம்மதி. வில்லி செய்ததை நான் செய்ய மாட்டேனே என்று டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

சித்தப்பாவின் ‘மரியாதை’க்கும் இதுதான் பதில். படியில் வைத்த ரூபாயைக் குனிந்து எடுத்ததைத்தான் அவர் மரியாதை என்று ஞாபகம் வைத்திருக்கிறார். குனிந்தவரிடம் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

பழைய எண்ணம் என்கிறோமே, அதெல்லாம் நிஜமாகவே பழையதாகிவிட்டதா என்பது தனிக் கதை. மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005-இல். எங்கள் பக்கம் இன்றைக்கும் ‘அவளுக்குத்தான் நகை போட்டாச்சுல்லா’ என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். வாங்குகிற அண்ணன்மாரும் தங்கைமேல் பாசமுள்ளவர்கள்தான். அவள் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பார்கள். மேரிக்காக உச்சுக்கொட்டியவர்கள் இதில் எத்தனை பேரோ.

யாராவது ஒரு நாள் நாஞ்சில் நாட்டை வைத்து 1920-களின் தொடர் ஒன்றை எடுக்கட்டும். எனக்கு ஒரு காட்சி போதும். காரணவர் இறந்து பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்திருக்கிறது. பந்தலைப் பிரிக்கிறார்கள். மருமகன் உள்ளே வருகிறான். நல்ல பையன். மாமா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இரவெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொண்டவன். மாமியிடம் தணிந்த குரலில்தான் பேசுகிறான். “கும்பப்பூ அறுப்பு கழிஞ்சு போனா போதும் மாமி, அவசரமில்ல” என்கிறான். பிள்ளைகளுக்கு நெல் அளந்து அனுப்பவும் சொல்கிறான். பிறகு பத்தாயத்துச் சாவிக்காகக் கையை நீட்டுகிறான்.

அந்த மருமகன் வேஷத்துக்கு எந்த நடிகரைப் போடலாம் என்று கீழே சொல்லுங்கள். யாராவது வில்லன் நடிகர் பெயரைச் சொன்னால் பதிவை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வைப்பேன்.