சுடோகுவில் ஊகம் தேவையா?

கடினமான சுடோகு என்றால் கடைசியில் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு விடை உள்ள புதிர் என்றால் ஒவ்வொரு எண்ணும் ஏன் அங்கே வருகிறது என்பதற்குக் காரணம் இருந்தே தீரும், நம் கண்ணில் இன்னும் படவில்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலும் நாம் மாட்டிக்கொள்வது "இந்தக் கட்டத்தில் என்ன வரும்?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பதால். "இந்த வரிசையில் 5 எங்கெல்லாம் வரலாம்?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வரிசைகளில் 5 வரக்கூடிய இடம் தலா இரண்டே கட்டம், அந்த நாலும் அதே இரண்டு பத்திகளில் விழுகின்றன என்றால், அந்தப் பத்திகளின் மற்ற கட்டங்களில் 5ஐ அடித்துவிடலாம். எக்ஸ்-விங் என்கிறார்களே, அது இதுதான். நாலில் எந்த இரண்டில் 5 உட்காரும் என்று தெரியாமலேயே இவ்வளவு தெரிந்துவிடுகிறது, எனக்கு இது இன்னமும் ஆச்சரியம்.

சரி, இதற்கும் மசியாத புதிர்கள் உண்டு. அப்போது "இங்கே 3 என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கி, போகப் போக ஒரே வரிசையில் இரண்டு 7 வந்து முட்டினால், அங்கே 3 வராது என்று நிரூபித்துவிட்டோம். இதைப் போய் ஊகம் என்பதா? ரூட் 2 விகிதமுறா எண் என்று பள்ளிக் கணக்கில் காட்டுவதும் இதே வழியில்தானே.

ஆனால் அந்த 3 எங்கும் முட்டாமல் மொத்தக் கட்டமும் நிரம்பிவிட்டால்? விடை கிடைத்துவிட்டது, உண்மைதான். அங்கே 3க்குப் பதில் 8ஐ வைத்தால் வேறொரு விடை வராது என்று மட்டும் நாம் காட்டவே இல்லை. புதிர் போட்டவர் சொன்னதை நம்பிப் பேனாவை மூடுகிறோம். நான் ஊகம் என்று சொல்வது இதைத்தான்.

நிஜமாகவே ஊகித்தாக வேண்டிய புதிரும் இருக்கிறது, ஒன்றுக்கு மேல் விடை உள்ளது. தொடக்கத்தில் கொடுக்கும் எண்கள் மிகக் குறைந்தால் இப்படித்தான் ஆகும்: 16 எண்களை மட்டும் கொடுத்து ஒரே விடை வரும் 9க்கு 9 சுடோகு கிடையவே கிடையாது என்று அயர்லாந்துக் கணிதவியலாளர் கேரி மெக்குவயர் குழுவினர் 2012இல் கணினியை வைத்துத் தேடி அறிவித்தார்கள். 17 போதும், அதுவும் சரியான 17ஆக இருந்தால். விடையைச் சரிபார்க்காமல் புதிரை வெளியிடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அதில் மாட்டிக்கொண்டு, நமக்கு இதெல்லாம் வராது என்று எத்தனை பேர் பென்சிலைக் கீழே வைத்திருப்பார்கள்.